பச்சை லொறிக்குப் பிரேக் அமத்த ஆள் இல்லை

பாலத்தடி வீடு,
பங்குனி, வெள்ளிக்கிழமை.

அன்பும் மதிப்பும் நிறைந்த மாமா அவர்களுக்கு,

மருமகன் தங்கவடிவேல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மாமியும் சுகம். கொழும்பில் உங்கள் கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்ததாக மச்சான் சொல்லியனுப்பினார். கட்டு அவிழ்த்த பிறகு நீங்களே வாசிக்க வேண்டும் என்பதற்காகப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். மழை இல்லை. ஆடுகள் சுகம். லொறி சுகமில்லை.

லொறியை விற்றுவிடும்படி நீங்கள் சொன்னது வந்து சேர்ந்தது. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. புஸ்பம் காய்ச்சலில் போனபிறகு, அவளுக்குச் சீதனமாகத் தந்த வீட்டில் நான் இருப்பதும், அவளுக்குச் சீதனமாகத் தந்த லொறியின் கீழ் நான் கிடப்பதும் முறையில்லை. லொறியை ஓட்டமாவடி ஹலீம் முதலாளியிடம் ஒப்படைத்துவிட்டுப் பாசிக்குடாவில் எங்கள் அம்மா வீட்டுக்குப் போய்விடலாம் என்று முடிவெடுத்தேன். ஹலீம் முதலாளி ஒரு நிபந்தனைதான் போட்டார். பிரேக் பிடிக்க வேண்டும் என்றார். நியாயமான ஆசை.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவன் என்று ஊருக்கெல்லாம் சொல்லித்தான் நீங்கள் எனக்குப் பெண் தந்தீர்கள். ஆனால் எவ்வளவு படித்தாலும் பிரேக் குழாய்க்குள் புகுந்த காத்தை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே இருந்து பெடலை அமத்திப் பிடிக்க வேண்டும். மற்றவர் கீழே சில்லடியில் டயரோடு ஒட்டிக் கிடந்து பிரேக் ஆணியைத் திறந்து காத்தை விட்டு, திரும்ப மூடின பிறகு ‘விடு’ என்று சொல்ல வேண்டும். அதற்கு முதல் மேலே இருப்பவர் காலை எடுத்தால் போன காத்தெல்லாம் திரும்பி வரும். கல்யாணம் முடிந்த நாளிலிருந்து இந்த வேலையைப் புஸ்பம்தான் செய்தாள். ‘அமத்து’ என்றால் ‘அமத்தியாச்சு’ என்பாள். ‘விடு’ என்றால் ‘விட்டாச்சு’ என்பாள். நான் கொஞ்சநேரம் சத்தமில்லாமல் கிடந்தால், “கீழ உசிரோட இரிக்கீங்களா?” என்று மேலிருந்து கேட்பாள். “இரிக்கன்” என்பேன்.

அவள் இல்லாததால் முதலில் பக்கத்து வளவு வீட்டு விநாயகமூர்த்தி அண்ணனை மேலே ஏற்றினேன். அவர் நல்லாத்தான் அமத்தினார். நான் ஆணியைத் திறந்த நேரம் பார்த்து வாவிக்கு மேலால ஆமிட ஹெலி வந்தது. திரும்பிப் பாக்கிறன், மேல இருக்க வேண்டிய மனிசன் எனக்குப் பக்கத்தில குப்புறக் கிடக்கார். “அண்ணன், காலை எடுத்தா காத்து வந்திருமே” எண்டன். “எடுக்காட்டிக் குண்டு வந்திருமே தம்பி” எண்டார். அண்டைக்கு முழுக்க ஹெலி போய்ப் போய்த் திரும்ப வந்தது. அண்ணனும் அப்படித்தான். அவருக்கு மறுகா நல்லரத்தினம் வாத்தியார் வந்தார். அவருக்கு ஹெலிக்குப் பயமில்லை, ஆனா விளங்காம ஒண்டும் செய்யமாட்டார். “அமத்துங்க சேர்” எண்டா, “ஏன்?” எண்டார். காத்துப் போகத்தான் எண்டு சொன்னன். அமத்தினார், நானும் ஆணியைத் திறந்தன். “அப்ப இந்தக் காத்து முதல்ல எப்பிடி உள்ள போனது?” எண்டு காலை எடுத்துப்போட்டுக் கீழ குனிஞ்சு கேட்டார். “இப்பிடித்தான் சேர்” எண்டன். கடைசியில ஆருமே வேணாம் எண்டு, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில உலக்கையை முட்டுக்குடுத்துத் தனிய எடுக்கப் பாத்தன். பாதியில மாமி வந்து உலக்கையைக் கழட்டிக்கொண்டு மா இடிக்கப் போனா. புஸ்பத்தைக் கொண்டுபோன நாளிலிருந்து மாமி என்னோட பேசுறல்ல. சோத்தைப் போட்டு வைப்பா, போவா. அவவைக் குறை சொல்ல ஏலாது. நானும் பேசுற இல்லத்தானே.

ஆனாலும் மிதிச்சுப் பாத்தா பெடல் கொஞ்சம் இறுக்கமா இருந்தது. அதை நம்பி ஓட்டமாவடிக்கு வெளிக்கிட்டன். இங்க ஒண்டு சொல்லவேணும் மாமா, கோவிக்க வேணாம். திருகோணமலையில வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டிட்டுப் போன இந்த லொறியை நீங்க ஏலத்தில எடுத்த நேரம், அதோட ஒரு பீப்பா பச்சைப் பெயின்ற்றும் சும்மா தந்தாங்களாம். சும்மா கிடைச்ச சாமானை வீணாக்க ஏலாது எண்டு வருசா வருசம் அதையே பூசினீங்க. மிச்சத்தைக் கதவுக்கும் கிணத்துக் கப்பிக்கும் புஸ்பத்துட அலுமாரிக்கும் பூசினீங்க. “ஆமி லொறி மாதிரி இரிக்கு அப்பா, நீலம் அடிங்க” எண்டு அவள் எத்தனை தரம் சொன்னவள்.

பாலத்தால இறங்கக்குள்ள பெடலை மிதிச்சன். கால் தட்டில போய் முட்டினது. முன்னால ஆமிச் சென்றி, ரோட்டுக்குக் குறுக்க தடுப்பு மரம். கைப்பிரேக்கை இழுத்தன், அது கையோட வந்தது. கியரைக் குறைக்கப் பாத்தன், அது சத்தம் மட்டும் போட்டது. ஹோர்னை அடிச்சுக்கொண்டே போனன். இனிச் சுடுவாங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். சென்றியில நிண்டவன் பச்சையைக் கண்டு, ஹோர்னைக் கேட்டு, தங்கட பெரியவர் ஆரோ அவசரமா வாறார் எண்டு நினைச்சு மரத்தை உயத்தினான். உயத்திப்போட்டுச் சலூட் அடிச்சான். சாரத்தோட இருந்த நானும் திருப்பி அடிச்சன். வேற என்ன செய்யிற எண்டு தெரியல்ல. எனக்குப் பயமே வரல்ல மாமா. அதுதான் எனக்குப் பயமா இருந்தது.

கடைத்தெருவில ஆமி லொறி பறந்து வருது எண்டு கடைக் கதவெல்லாம் படபடவெண்டு அடைபட்டது. லொறியை வரவேற்கப் பிளேன்ரீயோட வாசல்ல நிண்ட ஹலீம் முதலாளி கோப்பையை விட்டிட்டு ஓடினார். ஓடினவர் திரும்பிப் பாத்து, அது தான் வாங்கப்போற லொறி எண்டு கண்டு இன்னும் வேகமா ஓடினார். கடைசியில நெல்லு மில்லுக்குப் பக்கத்து உமிக்குவியலுக்குள்ள லொறி மூக்கைப் புதைச்சுக்கொண்டு தானா நிண்டது. உமி அடங்க ஆமியும் வந்தது. ஒபிசர் லொறியைப் பாத்தார், என்னைப் பாத்தார், என்ன இது எண்டார். பிரேக் இல்லை எண்டு எனக்குத் தெரிஞ்ச சிங்களத்தில சொன்னன். அவரே குனிஞ்சு பெடலைக் கையால அமத்திப் பாத்தார். மறுகா என்ட முகத்தைக் கனநேரம் பாத்திட்டு, வீட்டில ஆரும் இல்லையா எண்டு கேட்டார். நான் பெடலைக் காட்டினன். போகச் சொன்னார்.

ஹலீம் முதலாளி தலையில இருந்த உமியைத் தட்டிக்கொண்டு வந்தார். “தம்பி, லொறிய வாங்குறன் எண்டுதான் நான் சொன்னன். லொறிக்குக் கீழ போறன் எண்டு சொல்லல்லியே” எண்டார். எண்டாலும் சொல் மாறாத மனிசன். தன்ட ட்ரக்டரால கட்டி இழுத்து வந்து வீட்டில விட்டார். நாளைக்கு வாறாராம். பிரேக் பிடிச்சா எடுப்பார், பிடிக்காட்டி இரும்புக்கு எடுப்பார்.

ஆகையால் மாமா, பெயர் மாற்ற வேண்டிய லொறிப் புத்தகத்தைக் கொழும்பிலிருந்து வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்பவும். லொறி போனதும் நானும் போய்விடுவேன். மாமிக்குத் துணையாக மச்சாளை வந்து நிற்கச் சொல்லவும். கண்ணகை அம்மன் உங்கள் கண்ணுக்குக் காவல் இருப்பாவாக. கட்டு அவிழ்த்த பிறகும் கண்ணைக் கசக்க வேண்டாம்.

பணிவுள்ள மருமகன்,
தங்கவடிவேல்.

பிற்குறிப்பு: ஒட்டின கடிதத்தைப் பிரிச்சு எழுதுறன். லொறிப் புத்தகத்தை அனுப்ப வேணாம். இண்டைக்குக் காலையில திரும்பவும் சில்லடியில போய்க் கிடந்தன். அமத்த ஆளில்ல, சும்மாதான் கிடந்தன். மேல கதவு திறந்து மூடின சத்தம் கேட்டது. சீட் கிறீச்செண்டது. ஆரெண்டு தெரியாம ‘அமத்து’ எண்டன். பெடல் இறங்கினது. ‘விடு’ எண்டு சொல்லுமட்டும் கால் அசையல்ல. ஹெலி வந்து போனது, அப்பவும் அசையல்ல. எல்லாச் சில்லும் முடிஞ்சுது. நான் எழும்பாமக் கிடந்தன். “கீழ உசிரோட இரிக்கிறியா மனே?” எண்டு மாமிட குரல். புஸ்பம் கேக்கிறதை இவ்வளவு காலமும் அடுக்களைக்குள்ள இருந்து கேட்டுக்கொண்டு இருந்திருக்கா. பிரேக் ஒயில் கண்ணுக்குள்ள விழுந்திட்டு. அதைத் துடைச்சுப்போட்டுத்தான், “இரிக்கன் மாமி” எண்டன்.

ஹலீம் முதலாளி வந்தார். பிரேக் நல்லாப் பிடிக்குது எண்டு சந்தோசப்பட்டார். மாமி அவருக்குப் பிளேன்ரீ குடுத்து, “அது என்ட புள்ளட சீதனம். ஆம்புளையள் பேசி விக்கிற சாமான் இல்ல” எண்டா. “அல்ஹம்துலில்லாஹ்” எண்டு சொல்லிப்போட்டு அவர் குடிச்சிட்டுப் போயிட்டார். சாவி மாமிட முந்தானையில முடிஞ்சு இரிக்கி. ஒங்களுக்கு அறிவிக்கச் சொன்னா. அப்ப நான் பாசிக்குடாவுக்குப் போகட்டா எண்டு கேட்டன். “நீ போனா லொறிய ஆர் பாக்கிற?” எண்டா.

வரக்குள்ள ஒரு பீப்பா பெயின்ற் வாங்கிக்கொண்டு வாங்க மாமா. நீலம்.