மூளைக் கங்காணி

ஊவா மாகாணத்தில் எவர் முகத்தையும் பார்த்துப் பேசாத ஒரே மனிதர் எங்கள் மூளைக் கங்காணிதான். அவர் பார்வை நம் நெற்றிக்கு மேலேதான் நிற்கும். பதுளை ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மெஷின் இயக்குவது அவர் வேலை. மூளையில் எந்த இடம் எந்த வேலையைப் பார்க்கிறது என்று படம் எடுத்துக் குறித்துக் கொடுப்பார்.

"மூளைங்கிறது ஒரு தேயிலைத் தோட்டம்ங்க. பேச்சுக்கு ஒரு டிவிஷன், கைக்கு ஒரு டிவிஷன். வேலை நடக்கிற டிவிஷனுக்கு ரத்தம் கூட ஓடும். மெஷின் அதப் புடிச்சுக் காட்டிரும்" என்பார். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற மேற்பார்வையாளர்தான் கங்காணி; பட்டப்பெயர் அப்படித்தான் வந்தது.

பஸ்ஸில் கண்டக்டர் கத்தினால், "தம்பி, ஒங்க பேச்சு டிவிஷன் ஓவர்டைம் பாக்குது" என்பார். சந்தையில் ஒருமுறை வெலிமடைக் கோவா, அதாவது முட்டைக்கோஸ் ஒன்றில் பேனாவால் டிவிஷன் பிரித்து எல்லாருக்கும் விளக்கினார். கடைக்காரர் அந்தக் கோவாவை அவர் தலையிலேயே கட்டிவிட்டார்.

என் அக்கா நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். அவளுக்கு மூளையில் கட்டி என்றார்கள். வலது கையை இயக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. எடுத்தே ஆகவேண்டும், ஆனால் எல்லை தெரியாமல் கத்தி வைத்தால் கை போய்விடும் என்றார் டாக்டர். எனக்குச் சோறு போட்டுப் படிக்க வைத்த கை அது. அந்த எல்லையைக் காட்டப் போகிறவர் கோவாவில் கோடு போட்ட மனிதர் என்றதும், வேறு ஆள் இல்லையா என்று டாக்டரிடம் கேட்டேன்.

அக்காவை மெஷினுக்குள் படுக்க வைத்துக் காதில் ஹெட்ஃபோன் மாட்டினார்கள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவரோடு நின்றேன். "ஆட்டுங்க" என்றால் கொழுந்து எடுப்பதுபோல வலது கை விரல்களை ஆட்ட வேண்டும். "நிறுத்துங்க" என்றால் நிறுத்த வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால்தான் இடம் தெரியும்.

"ஆட்டுங்க" என்றார். விரல்கள் ஆடின. "நிறுத்துங்க" என்றார். இன்னும் வேகமாக ஆடின. அவர் சத்தம் போட்டார். விரல்கள் பறந்தன.

"என்னங்க இது, ஒங்க அக்காவுக்குக் காது கேக்காதா?"

"நல்லாக் கேக்குதுங்க. மலையில கங்காணி சத்தம் கேட்டா கை தானா வேகமாப் போகும். அந்தப் பழக்கம்."

அவர் மைக் பக்கம் குனிந்தார். மெதுவாகச் சொன்னார்: "கங்காணி போயிட்டாரு."

கை சட்டென்று நின்றது.

"கங்காணி வர்றாரு!"

கை ஓடியது. அந்த இரண்டு வாக்கியத்தை மாற்றி மாற்றிச் சொல்லியே வேலையை முடித்தார். படத்தில் இடது பக்கம் ஒரு இடம் சிவப்பாகத் தெரிந்தது. "இதாங்க கை டிவிஷன். கட்டி வேலிக்கு வெளியதான் நிக்குது" என்றார். அன்றுதான் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

ஆபரேஷன் கண்டியில் நடந்தது. கண் விழித்த அக்காவிடம், "கையை அசையுங்கம்மா" என்றார் டாக்டர். அவள் விழித்துக்கொண்டு கிடந்தாள். கை அசையவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது.

அப்போது வாசல் பக்கம் ஒரு குரல் கேட்டது: "கங்காணி வர்றாரு!"

லீவு போட்டுவிட்டுப் பதுளையிலிருந்து வந்திருந்தார் மனிதர். அக்காவின் வலது கை போர்வையைக் கிள்ளத் தொடங்கியது. நான் அழுதுவிட்டேன்.

"போயிட்டாருன்னு சொல்லுங்கண்ணே, கை வலிக்குது" என்றாள் அக்கா.

அவர் சொல்லவில்லை, போகவும் இல்லை. சாயந்திரம் வரை அவள் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.