நல்லடக்கச் சங்கம் உயிர்த்தெழுந்த விவரம்

சாந்தோம்,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்புள்ள மைத்துனன் ஷெல்டனுக்கு, உன் அத்தான் காஸ்பர் எழுதுவது. தேவ கிருபையால் இங்கே நானும் உன் அக்காள் ஜூலியட்டும் அவள் முழங்கால் வலியும் சுகம். பெருங்குடியில் உன் சுகத்துக்காகவும் தினம் ஒரு ஜெபமாலை சொல்கிறோம்.

ஜெயித்துவிட்டோம். “கலைஞ்ச சங்கம் கலைஞ்சதுதான் அத்தான், விட்டுத்தள்ளுங்க” என்று போனில் சொன்னாயே, அதை நான் மறக்கவில்லை. இந்தக் கடிதத்தை இரண்டு தடவை படி. ஆறு வருடம் ஆண்டறிக்கை அனுப்பாமல் விட்டு, பதிவாளர் நம் நல்லடக்க உதவிச் சங்கத்தின் பெயரை அடிக்கும்படி செய்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். சங்கம் போனதும் அதன் பெயரிலிருந்த சவ வண்டியின் பர்மிட்டும் போனது. குப்பத்து முத்தம்மாவின் புருஷனை மீன்பாடி வண்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். பின்னால் நடந்த எனக்கு வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது. மறுநாளே சங்கத்தைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி மனுப் போட்டேன், தள்ளிவிட்டார்கள். காரணம் நம் வருகைப் பதிவேடு. ஆண்டுக் கூட்டத்தில் இறந்துபோன உறுப்பினர் பெயரையும் வாசிப்போம், வீட்டார் யாராவது “உள்ளேன்” என்பார்கள், நான் டிக் போடுவேன். எழுபது வருட வழக்கம். இறந்தவர்கள் நாற்பத்தொரு பேர் ஆஜர், அதில் ஒருவர் தீர்மானத்தை வழிமொழிந்தும் இருக்கிறார் என்று அந்த ஆபீஸர் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். வழிமொழிந்தது பிரிஸில்லா, செத்துப்போன புருஷன் பெயரில். அவர் உயிரோடிருந்தபோதும் அப்படித்தான் நடந்தது.

விடுவேனா, மேல்முறையீடு செய்தேன். விசாரித்த அதிகாரி ஜோதிலட்சுமி என்று ஓர் அம்மா. நான் நாற்பது நிமிடம் பேசியதில் அவர் ஐந்து தடவை கடிகாரம் பார்த்தார். அப்போது பின் பெஞ்சிலிருந்து உன் அக்காள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“மேடம், இது செத்தவங்களுக்காக இருக்கற சங்கம். அவங்கள வெளிய நிக்க வெச்சிட்டு நாங்க மட்டும் எப்டி கூட்டம் போடறது?”

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பதிவேட்டை வாங்கி, உயிரோடிருப்பவர்களை மட்டும் விரல் வைத்து எண்ணினார். பத்தொன்பது பேர். கூட்டம் செல்லுபடியாக ஏழு பேர் போதும். இனிமேல் உயிரோடிருப்பவர்களை மட்டும் எழுதுங்கள் என்று சொல்லி மேல்முறையீட்டை ஏற்றுக்கொண்டார். அன்று சாயங்காலமே வண்டியைக் கழுவி, மாலை போட்டு, ஹாரன் அடித்துக்கொண்டே கச்சேரி ரோடு வரை ஊர்வலம் போனோம். எதிரே வந்தவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள், நாங்கள் கையாட்டினோம். சவ வண்டியில் இவ்வளவு சந்தோஷமாக இனி ஒருதரம் என்னால் போக முடியாது.

உனக்கும் பிள்ளைகளுக்கும் தேவமாதா துணையிருப்பாளாக.

இப்படிக்கு, மறுபடியும் செயலாளரான உன் அத்தான்,
காஸ்பர்.

பின்குறிப்பு: உத்தரவுப்படி புதுக் கமிட்டித் தேர்தலையும் போன வாரம் நடத்திவிட்டேன். வருகைப் பதிவில் உயிரோடிருப்பவர்கள் மட்டுந்தான். அவர்கள் ஏகமனதாகத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது, பதினோரு வருடமாகக் கல்லறையில் இருக்கும் உங்கள் அப்பாவை. அவரை எதிர்த்து நிற்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. தலைவர் நேரில் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் உத்தரவு ரத்தாகும் என்று நேற்றுத் தபால் வந்தது. உனக்கு அவருடைய முகஜாடை அப்படியே. செவ்வாய்க்கிழமை லீவு கிடைக்குமா?