பொம்மையின் நோயைத் தீர்த்த மீன்

மருந்துக்கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடையில் மீன் வாங்க நின்ற வரிசை தெருமுனையைத் தாண்டிப் போயிருந்தது. குழம்பு வைக்கிற மீன் அல்ல, குணமாக்குகிற மீன்.

அதன் பெயர் பிளெக்கோ. எங்கோ தொலைதூர ஆற்றில் கல்லையும் கட்டையையும் வாயால் கவ்விக்கொண்டு தன் பாட்டுக்குக் கிடந்த கெளுத்தி இனம். அது தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார் ஒரு புண்ணியவான். பாசியை உறிஞ்சுகிற மீன் நோயை உறிஞ்சாதா என்று அவருக்கு ஞானம் பிறந்தது. நேற்றுவரை செல்போன் உறை விற்றவர் மீன் வைத்தியர் ஆனார். நம்புவதற்கு நாலு பேர் இருந்தால் பட்டம் தானாக வந்து சேரும்.

வைத்தியமுறை எளிது. நோயாளியோ அவர் வீட்டாரோ தொட்டியின்மேல் உள்ளங்கையை வைக்க வேண்டும். வைத்தியர் கண்ணை மூடி, நோயைச் சொல்லி, மீனைத் தேர்ந்தெடுப்பார். தோல் நோய்க்குப் புள்ளி மீன். நரம்புக்கு வரி மீன். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் பொன்னிறப் பொட்டு வைத்த மீன், விலையிலும் அதுதான் பொன். மீனைச் சின்னக் கிண்ணத்தில் விட்டு நோயாளி பக்கத்தில் வைக்க வேண்டும். தீனி போடக் கூடாது, வயிறு நிறைந்த மீன் நோயைத் தின்னாதாம். தண்ணீர் மாற்றக் கூடாது, உறிஞ்சிய நோய் வீட்டுக்குள் சிந்திவிடுமாம். மீன் செத்தால் நோய் தீர்ந்தது, மிச்சம் மீதிக்கு இன்னொரு மீன். சாகாவிட்டால் நோய் பெரியது, இன்னும் பெரிய மீன்.

தெருவில் யார் வீட்டு மீனும் பிழைக்கவில்லை. எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

தையல்காரிக்கு மட்டும் அந்தச் சந்தோஷம் வாய்க்கவில்லை. அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில், கால் வைக்க இடமில்லாத இடத்தில் நின்று இரும்பு வடத்துக்கு எண்ணெய் போடுகிறவர். பிரஷர் மாத்திரையை ஒருநாளும் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பொட்டு மீன் வந்த அன்றே அவர் மாத்திரையைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டார். பிறகு ஒருநாள் வேலையில் தலை சுற்றி, கூட வேலை பார்க்கிறவர்கள் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டார்கள். நோய் இறங்கும்போது அப்படித்தான் ஆட்டம் காட்டுமாம். சொன்னது யார் என்று கேட்கவே வேண்டாம்.

 தையல்காரி கெஞ்சினாள், சண்டை போட்டாள், இரண்டு வேளை பட்டினி கிடந்தாள்.

"ஊரே முட்டாளா?" என்றார் அவர்.

"ஊருக்கு என்னங்க, மேல இருந்து விழப்போறது நீங்க."

அவர் அசையவில்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று அவளும் விட்டுவிட்டாள். ஆனால் கிண்ணத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிய அந்த ஜீவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. போனில் தேடிப் படித்தாள். பிளெக்கோவுக்கு ஒளிந்துகொள்ள நிழல் வேண்டும். சுரண்டித் தின்ன மரக்கட்டை வேண்டும். காற்றோட்டமுள்ள சுத்தமான தண்ணீர் வேண்டும். பாசி மட்டும் போதாது, காய்கறியும் போட வேண்டும். சில வகை முழங்கை நீளம் வளரும், ஆகவே வீட்டின் அளவைப் பார்த்துத்தான் மீனை வாங்க வேண்டும். நோயைத் தின்னும் வகை எதுவும் அதில் இல்லை.

பெரிய தொட்டி வாங்கினாள். கட்டை போட்டாள், வெள்ளரித் துண்டு போட்டாள். மீன் கொழுகொழுவென்று ஆனது. மெக்கானிக் தினமும் விடிந்ததும் வந்து பார்ப்பார், இன்றும் சாகவில்லையே என்று முகம் வாடிப் போவார். மீன் பெருக்கப் பெருக்க மனிதர் இளைத்தார். கடைசியில், பெரிய மீனாக வாங்கிவிடுவது என்று முடிவு செய்தார்.

அதற்குள் தையல்காரி தனியாக ஒருமுறை வைத்தியரிடம் போனாள். தன் தையல் கடையில் கூட இருக்கும் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றாள். எத்தனை நாளாக என்று கேட்டார்.

"நான் பாத்த நாள்லேருந்து இப்படித்தாங்க. நின்ன இடத்துலயே நிக்கிறாரு. பேச்சு கிடையாது. சாப்பாடு இறங்கல. வலது கை அப்பப்ப கழண்டுக்கும்."

வைத்தியர் கண்ணை மூடினார். நரம்பு, கூடவே மூட்டு என்றார். வரி மீன் கொடுத்தார். இந்த முறை அவர் சொன்னபடியே செய்தாள், தீனியும் இல்லை, புதுத் தண்ணீரும் இல்லை. மீன் செத்தது. ஒரு வாயில்லா ஜீவனைத் தன் கையாலேயே கொன்றோமே என்று அவள் மனம் உறுத்தியது. தெரு முழுக்கச் செத்துக்கொண்டிருந்த மீன்களை நினைத்து மனதைத் திடப்படுத்திக்கொண்டாள்.

மெக்கானிக் பெரிய மீனுக்கு வரிசையில் நின்ற அன்று, அவளும் போய் மீன் செத்த சேதியைச் சொன்னாள். வைத்தியர் எழுந்து நின்று கூட்டத்துக்கு அறிவித்தார்.

"கேட்டுக்குங்க. பேச்சு மூச்சு இல்லாம கிடந்தவர். நான் மீன் குடுக்கலன்னா இந்நேரம் உயிர் போயிருக்கும். இனிமே எழுந்து நடப்பாரு."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அவரை அழைத்து வந்திருப்பதாகச் சொல்லி வெளியே போன தையல்காரி, ஓர் ஆளை இடுப்பில் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். நல்ல கோட்டுப் போட்டிருந்தார். நிறுத்தியபோது வலது கை கழன்று கீழே விழுந்தது.

மெக்கானிக் குனிந்து அதை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நம்ம கடைப் பொம்மை இல்ல?"

 வைத்தியர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சந்தேகப்பட்டுக் கேட்டால் மீன் பொய் சொல்லும் என்றார்.

"மீன் ஒண்ணுமே சொல்லலைங்க," என்றாள் தையல்காரி. "பட்டினியில செத்துச்சு. பொம்மைக்கு நோய் தீர்ந்துச்சுன்னு சொன்னது நீங்க. எங்க வீட்டு மீனுக்குச் சோறு போட்டேன், அது நல்லா இருக்கு. எங்க வீட்டுக்காரர் பிரஷர்தான் ஏறிக்கிட்டே போகுது."

வரிசையில் ஒருவர் சிரித்தார். சிரிப்பு தெருமுனைவரை போனது. வைத்தியர் தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் பின்வாசல் வழியாகப் போனார். இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறார் போலும். கூட்டம் கலைந்தது. இவர் போலி சரி, அசல் மீன் வைத்தியர் எங்கே இருக்கிறார் என்று இருவர் விசாரித்துக்கொண்டே போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மெக்கானிக் தாமாகவே பரண்மேல் கையை விட்டுத் துழாவினார். மாத்திரையை விழுங்கும்வரை தையல்காரி எதிரிலேயே நின்றாள். பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

பிளெக்கோவுக்கு வாய் அடிப்பக்கம் இருக்கிறது, அதனால் தரையில் கிடப்பதையெல்லாம் மேய்கிறது. அது மீனின் பிழைப்பு. மூளையை உச்சியில் வைத்துக்கொண்டு கிடைத்ததையெல்லாம் விழுங்க வேண்டும் என்று நமக்கு என்ன தலையெழுத்து?