பட்டாம்பூச்சி போன வழி

தலையே போனாலும் இந்த வருசம் சிவனொளிபாத மலை ஏறுவதில்லை என்று தீர்மானம் எடுத்தேன். வீட்டில் சொல்லவில்லை. தலை எனக்கு வேணுமே.

அது என் சம்சாரம் விசாலாட்சி வைத்த நேர்த்தி. நான் குளிர்காய்ச்சலில் கிடந்தபோது, புருசன் பிழைத்தால் இரண்டு பேரும் சேர்ந்து மலையேறுவோம் என்று சாமியிடம் சொல்லிவிட்டாள். நான் பிழைத்துவிட்டேன். தப்பு அங்கேதான் நடந்தது. பதுளைக் கடைவீதியில் என் கடை அரிசி மூட்டைகளோடு நானும் ஒரு மூட்டை. ஒரு வருசம் முழங்கால் வலி என்றேன். மறு வருசம் கடைக்கு ஆள் இல்லை என்றேன்.

இந்தப் பங்குனிக்கு என்ன சொல்வது என்று முழித்துக்கொண்டிருந்தபோதுதான் பூச்சித்துரை வந்தார். தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையாய் இருந்தவர். வேலையை விட்டபின் பூச்சிதான் அவருக்குப் பிள்ளைகுட்டி. பட்டாம்பூச்சிகள் கூட்டங்கூட்டமாய் ஊரைக் கடக்கிற காலம் அது. எந்தத் திசைக்குப் போகின்றன என்று தோட்டத்து லயத்துக் கூலிச் சனமும் கடைக்காரரும் பார்த்துச் சொல்ல வேணும், தன் ஒருத்தன் கண் பத்தாது என்று கடைகடையாய்க் கேட்டுப் போனார்.

எனக்குச் சாமியே கண் திறந்த மாதிரி இருந்தது. அன்றைக்கே, வீட்டுக்கும் கடைக்கும் ஒன்றான வாசலில் சாய்வு நாற்காலியைப் போட்டேன்.

"என்னங்க இது?"

"ஆராய்ச்சி."

"ஆராச்சியா? கிராமத்துத் தலைவரு உத்தியோகத்த உங்களுக்கு யாரு குடுத்தா?"

"அது ஆராச்சி. இது ஆராய்ச்சி. நடுவுல ஒரு 'ய்' இருக்கு."

"சம்பளம்?"

"கிடையாது."

"அப்போ அந்த 'ய்'தான் சம்பளத்த தின்னுருச்சு."

பூச்சி ஓயும்வரை வாசலை விட்டு அசையக்கூடாது என்றேன். பூச்சி ஓய்ந்தால் மழை பிடிக்கும். மழை பிடித்தால் மலைப்பயணம் முடிந்தது. அவள் சண்டையே போடவில்லை. தேத்தண்ணியும் முறுக்கும் வந்துகொண்டே இருந்தன. அப்போதே நான் உஷாராகியிருக்க வேணும்.

ஒருநாள் துரை விவரம் கேட்க வந்தார்.

"மேற்கே போகுதுங்க," என்றேன் பெருமையாய்.

"மேற்கே போயி? எங்கே நிக்குது?"

நான் வானத்தைப் பார்த்தேன். உள்வாசலிலிருந்து பதில் வந்தது.

"சிவனொளிபாதத்துக்குச் சாமி கும்பிடப் போகுதுன்னு சனம் சொல்லுதுங்க, தொரை. பாக்காம எப்படிச் சொல்றது? மலை வரைக்கும் போய்ப் பாத்துட்டு வரேன்னு இவருதான் துடிக்கிறாரு. முழங்கால் வலிக்குமேன்னு நான்தான் புடிச்சு வச்சிருக்கேன்."

துரை என்னைக் கட்டிப்பிடிக்காத குறை. கடைவீதியே வேடிக்கை பார்த்தது. பக்கத்துக் கடை றஹீம் நானா, கடையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். விசாலாட்சி அவரிடம் முந்தின நாளே சொல்லி வைத்திருந்தாளாம்.

பண்டாரவளை வரை மாட்டு வண்டி, அட்டன் வரை ரயில், அதற்கப்புறம் என் கால். வழியில் பறந்த பூச்சியைவிட என் கண்ணில் பறந்த பூச்சிதான் அதிகம்.

"நீ மட்டும் வந்திருக்கலாமே," என்றேன், மூச்சு வாங்கியபடி ஒரு படியில் உட்கார்ந்து.

"உங்க உசுருக்குத்தானே நேந்தேன். அத வீட்டுல வச்சிட்டு வந்தா சாமிக்கு எதக் காட்டுறது?"

எழுந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். உச்சியில், சிறகு கிழிந்த பூச்சிகள் கொஞ்சம் குளிரில் கல்லோடு ஒட்டிக் கிடந்தன. அவள் கும்பிட்டபோது அழுதாள். பனிக்காற்று என்றாள்.

திரும்பி வந்து துரையிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். மலைக்குப் போனது கொஞ்சம்தான், மற்றதெல்லாம் குறுக்கே எங்கேயோ போகுது என்று. அவருக்கு ஏக சந்தோசம். ஊர் சொன்னதைச் சொல்லாமல் கண்டதைச் சொல்கிற ஆள் கிடைப்பது அபூர்வம் என்றார்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குள் போய்க் காலை நீட்டினேன். விசாலாட்சி எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள். பூப்போலத் தேய்த்தாள்.

"கதிர்காமத்து முருகன் கோயில் பக்கம் தும்பி கூட்டமா பறக்குதாம். தொரைகிட்ட சொல்லிட்டேன்."

"என்னான்னு?"

"பாக்க ஆளு இருக்குன்னு."