சவரிராயன் குளித்து முடிக்கும்வரை

தென்காசி
17-7-1961

அன்புள்ள தங்கை ரோசம்மாளுக்கு அக்காள் ஞானபாக்கியம் எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் இங்கே நான் சுகம், சாரலும் சுகம். உன் வீட்டுக்காரரின் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நீ எனக்கென்று பார்த்து அனுப்பிய தூத்துக்குடி சவரிராயன் வந்தார், போய்விட்டார். இதை எழுதும்போதே நன்றாக மூச்சுவிட முடிகிறது. உப்பு இலாகாவில் ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், கண்ணியமானவர் என்று எழுதியிருந்தாய். முதல் இரண்டும் சரி. ஞாயிறு மாலைக்குள் நான் பதில் சொல்வதாக என்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்திருந்தாய். சம்மதித்தால் இந்த வீட்டை விற்றுவிட்டு அவரோடு தூத்துக்குடிக்குப் போக வேண்டும். இந்த வீட்டில்தான் நான் நினைத்த நேரத்தில் சாப்பிடுகிறேன், நினைத்த நேரத்தில் படிக்கிறேன்.

இருந்தாலும் நல்ல சேலை ஒன்று வேண்டுமே என்று ஜவுளிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததுமே வெள்ளைச் சேலைகளை அள்ளிப் போட்டார். “அந்த நீலத்தை எடும்” என்றேன். “பேத்தியாளுக்கா ஆச்சி?” என்றார். “எனக்கு.” உடனே உள்ளே பார்த்து, “ஏலே, ஆச்சி நீலம் கேக்காவ, வெளிச்சத்துக்குக் கொண்டா!” என்று கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினார். கான்வெண்டில் கற்ற அடக்கத்தோடு அந்த நீலத்தையே வாங்கினேன்.

சனிக்கிழமை குற்றாலத்தில் சந்திப்பதாக ஏற்பாடு. மரியாதைக்காக அடுத்த வீட்டு வடிவம்மாளையும் கூட்டிப்போனேன். சவரிராயன் வணக்கம் சொன்னார், சாரலைப் புகழ்ந்தார், நான் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் கோட்டு, கால்சட்டை, கடிகாரம், மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் என் மடியில் வைத்தார். கடைசியாகக் கைக்குட்டையில் சுற்றிப் பல்செட்டையும் வைத்துவிட்டு, துண்டோடு எண்ணெய் தேய்க்கும் ஆளிடம் போய் உட்கார்ந்துவிட்டார். தேய்த்துக் குளித்து வந்து இட்லி சாப்பிட்டார்; செரிக்க வேண்டும் என்று மறுபடியும் அருவிக்குள் போனார்; குளித்தால் பசிக்கிறது என்று மறுபடியும் சாப்பிட்டார். நான் பாறை மேல் உட்கார்ந்தே இருந்தேன். துணி வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தால் சும்மா விடுவார்களா? யார் யாரோ வந்து, “ஆச்சி, செத்த பாத்துக்கிடுங்க” என்று மூட்டைகளைப் போட்டுவிட்டுப் போனார்கள். வடிவம்மாளும் தன் மாற்றுச் சேலையை என்னிடமே கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள். திரும்பி வந்து தலையைத் துவட்டிக்கொண்டே, “ஏக்கா, இவரு கெட்டிக்கொள்ள வந்திருக்காரா, காவலுக்கு ஆள் எடுக்க வந்திருக்காரா?” என்றாள்.

அன்று மாலை கொட்டகையில் நாடகம். அங்கேயாவது நாலு வார்த்தை பேசலாம் என்று போனால், பகலெல்லாம் குளித்துத் தின்ற அசதியில் அவர் திரை தூக்குவதற்கு முன்பே குறட்டை விட்டார். முன்வரிசைக்காரர் திரும்பி, “ஆச்சி, ஒங்க வீட்டுக்காரரை எழுப்புங்க, ராஜா பாட்டு கேக்கல்ல” என்றார். ரோசம்மா, அந்த ஒரு வார்த்தையில் எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. வெளியே வரும்போது அவர், “உங்க பொறுமையைப் பாத்தேன், எனக்குப் பூரண சம்மதம். முப்பது வருஷ சீசன்ல என் சம்சாரம் பிலோமினா ஒரு பனியன்கூடத் தொலைச்சதில்ல. அவ போனப்பொறவு நிம்மதியா ஒரு குளி குளிக்கலீங்க” என்று கண்கலங்கினார். எனக்கும் ஒரு நிமிஷம் பாவமாக இருந்தது. பிறகு பிலோமினாவை நினைத்தேன். முப்பது வருஷத்தில் அந்தப் புண்ணியவதி ஒரு நாளாவது குளித்தாளா?

ஞாயிறு பூசை முடிந்து தனியாகவே போனேன். அவர் வழக்கம்போல எல்லாவற்றையும் என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனார். தண்ணீர் வெள்ளையாகக் கொட்டுகிறது. பெண்கள் பக்கத்தில் கூச்சலும் சிரிப்பும். நான் எழுந்தேன். அவருடைய சாமான்களைப் பாறைமேல் ஒழுங்காக மடித்து வைத்துவிட்டு அருவிக்குள் போய்விட்டேன். தலையில் தண்ணீர் விழுந்ததும் நான் போட்ட சத்தம் கான்வெண்ட் சிஸ்டர்களுக்குக் கேட்டிருந்தால் முழங்காலில் நிறுத்தியிருப்பார்கள்.

திரும்பி வந்தபோது கால்சட்டை மரத்தில் இருந்தது, குரங்கின் கையில். “பாத்துக்கிடச் சொன்னேனே!” என்று சவரிராயன் பல் இல்லாத வாயால் கத்தினார். “பிலோமினா இருந்தா இப்படி நடக்குமா?”

“ஐயா, உமக்கு வேண்டியது பெண்சாதி அல்ல, பூட்டுள்ள டிரங்குப்பெட்டி. என் பதில் இதுதான்” என்றேன்.

துண்டோடு குதிரைவண்டி ஏறிப் போனார். ஆகவே, தங்கையே, இனி ஆயுசு முழுக்க எனக்கு எந்த ஆண்பிள்ளையையும் பார்க்காதே. நான் நிம்மதியாக இருக்கிறேன். உனக்கும் பிள்ளைகளுக்கும் தேவமாதாவின் காவல் என்றும் இருப்பதாக.

இப்படிக்கு,
உன் அக்காள்
ஞானபாக்கியம்

பி.கு.: நான் குளிக்கும்போது என் கைப்பையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்பாய். பக்கத்துப் பாறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த, தபால் இலாகாவில் ஓய்வு பெற்ற இஞ்ஞாசிமுத்து என்பவர். நான் கேட்கவே இல்லை, “நீங்க குளிங்கம்மா, நா இருக்கேன்” என்றார். குரங்கு வந்தபோது குடையால் என் பையை மட்டும் காப்பாற்றினார். சம்சாரம் காலமாகி நாலு வருஷமாம். சனிக்கிழமை காப்பிக்கு வருகிறார். விசாரித்துவிட்டேன், அருவித் தண்ணீர் அவர் உடம்புக்கு ஆகவே ஆகாதாம்.