சனி ஞாயிறு ஓய்வெடுத்த ஓநாய்

பொறாமை வந்தால் சிலருக்குத் தூக்கம் போகும், சிலருக்குச் சாப்பாடு இறங்காது. எனக்குப் புத்தி போய்விடும்.

புனேயில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் நான் புள்ளியியல் ஆள். ஊருக்கு வெளியே புல்வெளியில் திரியும் ஓநாய்களுக்கு ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை மாட்டியிருந்தார்கள். அது அனுப்பும் எண்களை வைத்து, ஓநாய் எப்போது படுக்கிறது, எப்போது நடக்கிறது, எப்போது இரை தேடுகிறது என்று கணிப்பது என் வேலை. பக்கத்து மேசை கேதகிக்கும் அதே வேலை. அவள் எழுதினால் பாராட்டு, நான் எழுதினால் திருத்தம். (மழையில் நனைந்து வந்தாலும் அவள் தலை கலையாது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?) அந்த வருடம் வெளிநாட்டுக் கருத்தரங்குக்கு எங்களில் ஒருத்திக்குத்தான் இடம்.

அப்போது என் எண்களில் சிக்கியது ஒரு புது ஓநாய். மற்றவை இரவெல்லாம் அலைய, இது அசையவே இல்லை. காலையில் கிளம்பும், பகல் முழுக்க ஓரிடத்தில் கிடக்கும், மாலையில் ஊர்ந்து ஊர்ந்து திரும்பும், வழியில் நின்று இரை தேடும். சனி ஞாயிறு முழு ஓய்வு! உலகம் காணாத கண்டுபிடிப்பு என்று எனக்குப் புல்லரித்தது.

கூட்டத்தில் படங்களைக் காட்டி முடித்ததும் கேதகியின் முகத்தைத்தான் பார்த்தேன். வாடவில்லை.

"அரே, இதை மேப்ல போட்டுப் பாத்தியா?" என்றாள்.

பார்க்கவில்லை. (நடந்த தூரமும் திரும்பிய கோணமும் இருக்க, மேப் எதற்கு என்பது எங்கள் தொழில் திமிர்.) அவளே போட்டாள். ஓநாய் கராடியில் எங்கள் அடுக்குமாடியிலிருந்து கிளம்பி, ஹிஞ்சேவாடி ஐடி பார்க்குக்குப் போய்த் திரும்பியது. பரிசோதிக்கக் கொண்டுவந்த உபரிப் பட்டையை நான் கார் டிக்கியிலேயே மறந்திருந்தேன். அந்தக் காரில் தினமும் வேலைக்குப் போகிறவர் என் கணவர்.

"சாயங்காலம் நிக்கிற இடம்..." கேதகி படத்தைப் பெரிதாக்கினாள். "வடாபாவ் கடை."

எண்ணெய்ப் பண்டமே கூடாது என்று டாக்டர் அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வீட்டுக்குப் போனதும் நடந்ததையெல்லாம் சொல்லி அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"தினமும் டிராஃபிக்னு சொன்னீங்களே?"

கோயம்புத்தூர்க்காரர் அசரவில்லை. "எரை தேடுச்சுன்னு உன்ற கணக்கு சரியாத்தானே சொல்லிருக்குது? அப்புறமென்ன?"

கருத்தரங்குக்குக் கேதகிதான் போனாள். என்னிடம் கேட்டுக்கொண்டு, பேச்சை என் ஓநாயிலிருந்தே ஆரம்பித்தாள். அரங்கமே சிரித்துக் கைதட்டியதாம். அது எனக்கு வரவேண்டிய கைதட்டல் என்று இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. போதாததற்கு, அவள் எங்கள் வீட்டுக்கு வந்தால் இவர், "நம்மளை ஃபாரின் வரைக்கும் கொண்டுபோன புள்ள" என்று காபி போட ஓடுகிறார். எனக்கு ஒரு நாளும் போட்டதில்லை.

இப்போதும் மாலையில் கார் வந்து நின்றால், பால்கனியிலிருந்து என் மகள் கத்துவாள்.

"அம்மா, ஓநாய் வந்துருச்சு! வாயைத் தொடச்சுட்டு வருது!"