‘போச்சு’ என்று சொல்லக் கூடாது

பம்பாயில் அந்நாளில் கம்ப்யூட்டர் தெரிந்த அத்தனை பேரையும் ஒரு தட்டிலும், ஃபைல் டாக்டரை மறு தட்டிலும் வைத்தால் டாக்டர் பக்கம்தான் தாழும். அவருடைய வாயின் கனம் அப்படி.

தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையின் மாடியில் இருந்தார். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். நிஜப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். பழுதான ஃபைல்களைச் சரிசெய்வது தொழில். ஃப்ளாப்பியைக் காதருகே ஆட்டிப் பார்த்து, “நெஞ்சுல சளி கட்டியிருக்கு” என்பார். அவர் எதிரில் ‘போச்சு’ என்ற சொல் மட்டும் வரக் கூடாது. வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்.

“வீட்டை விட்டுக் கெளம்புறப்ப ‘போறேன்’னா சொல்லுதிய? ‘போயிட்டு வாரேன்’னுதானே சொல்லுதிய? ஃபைலும் அப்படித்தான்வே!”

நான் அப்போது மாதுங்காவில் தமிழர் கல்யாணத் தகவல் நிலையம் ஒன்றில் குமாஸ்தா. எங்கள் மானேஜருக்கு நவீனமாகும் வெறி. வரன்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய கையோடு விண்ணப்பக் காகிதங்களைப் பழைய பேப்பர் வாங்கும் ரத்திவாலாவிடம் எடைக்குப் போட்டார். பிறகு சாஃப்ட்வேரில் புதுசு வந்துவிட்டதாம். ஒரு வெள்ளிக்கிழமை ராகு காலம் முடியக் காத்திருந்து, தேங்காய் உடைத்து, பழையதிலிருந்து புதியதற்கு மாற்றினார். பழைய ஃபைலுக்கு நகல்? அதே ஃப்ளாப்பியில், பழையதை அழித்துத்தான் புதியதை ஏற்றியிருந்தார். சிக்கனமான மனிதர்.

புது சாஃப்ட்வேருக்குக் குடும்பப் பெயர் வேண்டும். நம்மவர்களுக்கு அது ஏது? அந்தக் கட்டத்தில் இனிஷியலைப் போட்டு வைத்திருந்தோம். ஒற்றை எழுத்தில் ஒரு குடும்பம் இருக்க முடியாது என்று முடிவு செய்து, அது எல்லா இனிஷியலையும் விழுங்கிவிட்டது. மற்றதெல்லாம் ஒரு கட்டம் முன்னால் நகர்ந்தது. மாப்பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய அப்பா வந்து உட்கார்ந்தார். தந்தை பெயர்: பூரட்டாதி. நட்சத்திரம்: ஜூனியர் கிளார்க். கீழே வர வர நகர்வு கூடி, ஒரு பெண்ணின் பெயர் ‘சொந்த ஃப்ளாட், முலுண்ட்’ என்றிருந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குழப்பத்துக்குள்தான் என் அக்கா விஜயாவின் வரனும் இருந்தார். அக்காவுக்கு முப்பத்திரண்டு வயது. எத்தனையோ வரன்களுக்குப் பிறகு, முதல் தடவையாகச் சிரித்துக்கொண்டே ‘சரி’ என்றிருந்தாள். வார முடிவுக்குள் பதில் வராவிட்டால் வேறு இடம் பார்ப்பதாக மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருந்தார்கள். வீடு டோம்பிவிலி என்று தெரியும். முகவரி அந்த ஃபைலில் மட்டும்தான்.

டாக்டரை அழைத்து வந்தேன். நல்லவேளை, முதலில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு அதில்தான் வைத்தியத்தை ஆரம்பித்தார். மாப்பிள்ளைகள் எல்லாரும் மணப்பெண் பட்டியலில் போய் உட்கார்ந்தார்கள்.

“என்ன சார் இது?” என்று மானேஜர் பதறினார்.

“மயக்க மருந்து குடுத்திருக்கேன். இப்ப அப்படித்தான் உளறும். டென்ஷன் நக்கோ, கவலப்படாதிய சார்.”

“உளறட்டும். இனிஷியலுக்கு எங்கே போறது? அது போச்சே சார், போச்சே!”

சொல்லிவிட்டார், அதுவும் இரண்டு தடவை. டாக்டர் பையைத் தூக்கினார். செருப்பையும் மாட்டிக்கொண்டார். எனக்கு அக்காவின் முகம் கண்ணில் வந்து நின்றது. கையைப் பிடித்துக் கெஞ்சலாம் என்று வாசலுக்கு ஓடினேன். டாக்டர் அங்கேயே நின்று முனகிக்கொண்டிருந்தார்.

“போச்சாம்ல, போச்சு! அப்பன் பேரு உள்ள குத்துக்கல்லாட்டம் இருக்கு. அப்பன் இருக்கையில இனிஷியல் எங்கவே போவும்?”

செருப்போடு உள்ளே வந்து உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் அறையில் செருப்பா என்று கேட்க மானேஜருக்கு அப்போது தைரியமில்லை. ஒவ்வொரு அப்பாவின் முதல் எழுத்தையும் எடுத்து முதல் கட்டத்தில் போட, மற்றவை ஒவ்வொன்றாகத் தத்தம் இடத்துக்குத் திரும்பின. சாயங்காலம் டோம்பிவிலி முகவரி கிடைத்தது. நானே ரயிலேறிப் போய்ப் பதிலைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அத்தானுக்கு ஊரின் பெயரால் இன்னொரு இனிஷியல் உண்டு. அது மட்டும் மீளவில்லை. எங்கள் ஃபைலைப் பார்த்தே அடித்ததால் கல்யாணப் பத்திரிகையும் ஓர் எழுத்து குறைவாகவே அச்சானது. “ஊரு எழுத்து ஊருக்குப் போயிருக்கு, வந்துரும்” என்றார் டாக்டர். பந்தியில் மாப்பிள்ளையைக் காட்டி, “இவுரு நம்ம பேஷண்ட்” என்று பக்கத்து இலைக்காரரிடமெல்லாம் அளந்தார். தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு, “வாரேன் தம்பி” என்று கிளம்பினார்.

பிறகு பட்டறை மாடியில் வேறு யாரோ வந்துவிட்டார்கள். அவர் துபாய் போய்விட்டார் என்றார்கள். எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும். அதனால் யார் கேட்டாலும், போயிட்டு வருவார் என்றுதான் இன்றுவரை சொல்கிறேன்.